ஒன்றரை சென்டிமீட்டர்

இரண்டாவதுதானே என்றார்கள்.
எனக்கும் அதே நினைப்பு:
பழகின படிக்கட்டு,
விளக்குப் போடாமலே இறங்கலாம் என்று.

செவ்வாய்க்கிழமை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.
செதில் ஒட்டிய கையோடு போனை எடுத்தால்
"வியாழக்கிழமை பெரிய டாக்டர் பார்க்கணுமாம்,
பாண்டிச்சேரிக்கு வந்துடுங்க."
எதுக்கு?
"ஸ்கேன்ல போட்டிருக்கு."
என்ன போட்டிருக்கு என்று நான் கேட்பதற்குள்
அந்தப் பெண் வைத்துவிட்டாள்.
சங்கரா மீன் வாயைத் திறந்தபடி
என்னோடு சேர்ந்து காத்திருந்தது.

கேஸ் புத்தகத்துக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்தேன்.
ஐந்து மாதமாக நீல மையில் எழுதி வந்த அட்டையில்
ஒரு சிவப்பு வட்டம்.
யார் போட்டது, எப்போது, தெரியவில்லை.
அருட்ஜோதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீல மை தீர்ந்திருக்கும்" என்றார்.

பெரியநாயகி! என்று கூப்பிட்டார்கள்.
நான் எழுந்ததும் எனக்குப் பின்னால் பார்த்தாள் நர்ஸ்,
நரைத்த ஒருத்தி வருவாள் என்று.
நான்தான் சிஸ்டர்.
திருப்பாதிரிப்புலியூர் அம்மன் பேரு,
வயசு இருபத்தொன்பது.

பெரிய டாக்டர் என்னைவிடக் குள்ளம்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
சுற்றி நின்ற பிள்ளைகளிடம் பேசினார்,
என் வயிற்றைப் பற்றி,
எனக்குப் புரியாத பாஷையில்.
ஒருத்தி மட்டும் எழுதுவதை நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தாள்.
அப்புறம் அவர் தமிழுக்கு வந்தார்:
"நஞ்சு கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும்மா.
வயிறு வளர வளர மேலே ஏறலாம்.
ஏறாமலும் போகலாம்."
இப்போ எவ்வளவு தள்ளி இருக்கு சார்?
"வாயிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர்.
வீடு எங்கே?"
கடலூர் ஓ.டி.
"ரத்தம் பட்டால் எவ்வளவு நேரத்தில் இங்கே வருவீங்க?"

சேலை எடுக்கவும் கடற்கரையில் நடக்கவும்
எத்தனை தடவை வந்த ரோடு!
அப்போதுதான் அதற்கு நீளம் வந்தது.
கெடிலம் பாலம். மூடினால் லேசில் திறக்காத ஒரு கேட்.
முள்ளோடையில் குறுக்கே நிற்கும் லாரிகள்,
கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
அரியாங்குப்பத்தில் முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம்.
எண்ணி முடிப்பதற்குள்
அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது ஆல்பேட்டையில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
பையில பாட்டில் இருக்கா என்றாள் காவலர்.
இருக்கு.
சிறுநீர் பிடிக்கக் கொடுத்தது, காலி.
இரும்புச்சத்து மாத்திரை, எலுமிச்சை சாதம், படம்.
படத்தைத் தூக்கிப் பார்த்து
எத்தனாவது என்று கேட்டாள்.
இரண்டாவது.
"அப்போ பயமில்லை, போங்க."

இதழினியின் ஸ்கேலில் அளந்து பார்த்தேன்.
பூஜ்ஜியத்தை அவள் கடித்துத் தின்றிருந்தாள்,
அதனால் ஒன்றிலிருந்து இரண்டரை வரை.
ஒரு புளியங்கொட்டை அகலம்.
"என்னம்மா அளக்குற?"
தம்பிக்கு இடம் இருக்கான்னு.
"எனக்கு?"
கனம் எதையும் தூக்கக் கூடாது என்றிருந்தார்.
எதெல்லாம் கனம் என்று நான் கேட்கவில்லை.
பதினைந்து கிலோ
கையை உயர்த்திக்கொண்டு எதிரில் நின்றது.
நான் தரையில் உட்கார்ந்தேன்.
ஏறிக்கொண்டாள்.

ராத்திரி ஒன்றரைக்கு விழித்தால் பக்கத்தில் ஆளில்லை.
வாசலில் வண்டியும் இல்லை.
விடியுமுன் வந்தார்,
தலைமுடியெல்லாம் காற்று.
எங்கே போனீங்க என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
அட்டையை எடுத்து
சிவப்பு வட்டத்துக்குக் கீழே
நீலத்தில் எழுதினார்:
நாற்பத்தொரு நிமிஷம்.

கேட் மூடியிருந்தா?

பதில் சொல்லாமல்
சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.
அடுத்த தேதி இருபத்தேழு.